ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கண்ணு, ஆண்டுக்கு 30 லட்சம் சம்பளத்தில் சென்னையில் வேலை கிடைத்த கையோடு ஓஎம்ஆரில் ஃபிளாட் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மனம் நிறைந்திருக்கிறது. வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் உட்கார்ந்தே என் உத்தியோக காலம் போனது. குறைந்த சம்பளக்காரர் பயந்து பயந்து கணக்குப் போடுவார், தப்பித்துக்கொள்வார். என் எதிரே உட்கார்ந்து திணறியவர்களில் பலர் கைநிறையச் சம்பாதித்தவர்கள். அவர்களிடமிருந்து கற்றதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

1. மூன்று மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வரும்வரை எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதே. 30 லட்சம் என்பது கம்பெனி உனக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 3 லட்சம், வந்தால் வரும் ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள். அடிப்படைச் சம்பளம் 12 லட்சமானால், கம்பெனியின் பிஎஃப் பங்கு 1.44 லட்சமும் பணிக்கொடைக்கான 57 ஆயிரத்துச் சொச்சமும் அந்த முப்பதுக்குள்ளேயே அடக்கம். உன் பிஎஃப் பங்கு இன்னொரு 1.44 லட்சம். 2025-26க்கான புதிய முறையில் வருமான வரி ஏறத்தாழ 3.19 லட்சம். தொழில் வரியும் போக மாதம் கையில் நிற்பது சுமார் 1,69,000 ரூபாய். முப்பதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இரண்டரை லட்சம் என்று நம்பி வீடு பேசியவர்களுக்கு முதல் மாதமே 80 ஆயிரம் துண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. வங்கி தருகிறது என்பதற்காக வாங்காதே. சம்பளம் கூடக் கூட, அதில் எவ்வளவு தவணைக்குப் போகலாம் என்று வங்கி பார்க்கும் பங்கும் கூடும். பாதிச் சம்பளம் தவணைக்கு என்றால் உனக்கு ஏறக்குறைய ஒரு கோடி கிடைத்துவிடும். அப்பாவின் மருந்துச் செலவும் தங்கையின் படிப்பும் அந்தக் கணக்கில் வராது. அவை உனக்கு மட்டுமே தெரிந்தவை. கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கோடு நில். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் 65 லட்சம் கடனுக்குத் தவணை 56,400 ரூபாய். உன் விரலுக்கேற்ற வீக்கம் அதுதான்.

3. சேர்த்து முடித்த பிறகு வாங்கு. 85 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்றால், கடன் போக 20 லட்சம் உன் கையிலிருந்து வரவேண்டும். அதற்குமேல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 7.65 லட்சம். வீட்டுக்கடனில் இதற்கு இடமில்லை. தரகும் மரவேலையும் தனி. ஒரு பையன் பதிவுக்கு முந்தைய வாரம் தனிநபர் கடன் வாங்கி இதைக் கட்டினான்; கட்டிலும் ஃபிரிட்ஜும் கிரெடிட் கார்டில் வந்தன. மூன்று தவணையும் மாதத்தின் முதல் வாரத்திலேயே போய்விட, மிச்ச மூன்று வாரத்தை நண்பர்களிடம் கைமாற்று வாங்கித் தள்ளினான். இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அவனுக்கு அந்த நிலை வந்திருக்காது.

4. வட்டி ஏறும் என்று எண்ணியே கையெழுத்துப் போடு. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது; வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறியது. 6.7 சதவீதத்தில் 65 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 49,200. வட்டி 9.2 ஆனபோது, அந்தத் தவணை கிட்டத்தட்ட முழுவதையும் வட்டியே விழுங்கியது. தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு, கடன் முடியும் ஆண்டு ஓய்வு வயதைத் தாண்டிப் போயிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, பாக்கி மாதங்கள் எத்தனை என்று பார்.

5. வாடகை வீட்டில் இருக்க வெட்கப்படாதே. வாடகை வீண், தவணை சொத்து என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 65 லட்சம் கடனின் முதல் தவணையில் 46,042 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது பத்தாயிரத்துச் சொச்சம். அதே மாதிரி வீட்டில் அந்த வட்டியைவிடக் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கலாம். கல்யாணப் பேச்சில் “சொந்த வீடு இருக்கா?” என்று கேட்பார்களே என்று அவசரப்பட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். கேட்டவர் அன்றோடு போய்விடுவார். தவணை உன்னோடு 240 மாதம் வரும்.

6. வீட்டை மழையிலும் கோடையிலும் பார். 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு ஓடியது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன; லாரித் தண்ணீருக்குக் குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. மாதிரி வீட்டின் விளக்கு அலங்காரத்தில் இதெல்லாம் தெரியாது. காவலாளியிடமும் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரிடமும் பேசு. லாரித் தண்ணீரோடு சேர்த்துப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் தவணையோடு கூட்டிக்கொள்.

7. வீட்டாரிடம் கணக்கை மறைக்காதே. வேலை போனதை மூன்று மாதம் வெளியில் சொல்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கடனில் மனைவியும் கையெழுத்திட்டிருந்ததால் தவணை பாக்கி என்று அந்தப் பெண்ணுக்கு வங்கியிலிருந்து போன் போனது. விஷயம் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் இருவரும் வந்தார்கள். “முன்னாடியே சொல்லியிருந்தா நகையை வெச்சு சமாளிச்சிருப்பேனே” என்று அந்தப் பெண் அழுதாள். பணம் போனதைவிட, தன்னை நம்பாததுதான் அவளை உடைத்தது. ஆறு மாதத் தவணையும் குடும்பச் செலவும் வைப்புத் தொகையாக இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

8. சம்பளம் ஏறும்போது கடனைக் குறை. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. ஊக்கத்தொகை வரும் மாதத்தில் ஒரு தவணை கூடுதலாகக் கட்டு. ஆண்டுதோறும் இதைச் செய்தால் 20 ஆண்டுக் கடனில் மூன்று ஆண்டு குறையும். பெரிய காருக்கும் இரண்டாவது ஃபிளாட்டுக்கும் ஆசை வரும். வரட்டும், கடன் முடியும்வரை காத்திருக்கட்டும். போதும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பெரிய சம்பளம் உதவுகிறது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, நீ நினைத்ததைவிடச் சின்ன வீடுதான் கட்டுப்படியாகும் என்று வந்தால் முகம் சுளிக்காமல் அதையே வாங்கு. பால் காய்ச்சும் அன்று என்னைக் கூப்பிடு, சந்தோஷமாக வருவேன்.