புகை போட்ட பன்றி விலா: விற்பவர்கள் அறிய வேண்டியவை

புகை போட்ட சரக்கு என்றதும் நம் பலசரக்கு வியாபாரிகளுக்கு மாசிக்கருவாடுதான் நினைவுக்கு வரும். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைத்து மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்கிற பண்டம். மாதக்கணக்கில் கெடாது. அதே கண்ணோடு, இப்போது சில கடைகளில் ஃப்ரீசரில் வைத்து விற்கும் புகை போட்ட பன்றி விலாவையும் பார்த்தால் மோசம் போவோம். கறி தொடாத அன்பர்களும் சரக்கு அறிவுக்காக இதைப் படிக்கலாம்.

பன்றி விலாவைப் புகையில் வேகவைக்கும் பார்பிக்யூ முறை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேரூன்றியது. மெம்பிஸ் நகரில் 1978-ல் இதற்கென்று ஒரு சமையல் போட்டியே தொடங்கினார்கள். விலாவின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வை முதலில் உரித்துவிடுகிறார்கள். இருந்தால் மசாலா இறங்காது, வாயில் தோல்போல் இழுக்கும். பிறகு உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பூண்டுத்தூள், பாப்ரிகா மிளகாய்த்தூள் கலந்து தடவுகிறார்கள். பாப்ரிகாவில் காரம் குறைவு, நிறம் அதிகம்; நம் காஷ்மீரி மிளகாய் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். தீ நேராகப் படாமல், மூடிய அடுப்பில் சுமார் 107 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் வைக்க வேண்டும். ஹிக்கரி, ஓக், ஆப்பிள் மர விறகு ஏற்றது. பைன் போன்ற பிசின் மரம் ஆகாது, கசந்துவிடும்.

இத்தனை நேரம் எதற்கு? விலாக்கறியில் ஜவ்வு அதிகம். உள்சூடு 90, 95 டிகிரிக்கு மெல்ல ஏறினால்தான் ஜவ்வு கரைந்து கறி எலும்பைவிட்டு எளிதாகக் கழன்று வரும். வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். "வேகவில்லை" என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் விளக்கிச் சொல்லுங்கள்: புகையில் உள்ள வாயு கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டும். மாசியைக் காப்பாற்றுவது புகை மட்டுமல்ல, ஈரமே இல்லாமல் காய்ந்த தன்மையும்தான். விலாவை ஈரம் போகாமல் பதமாக வேகவைப்பதே சமையல்காரனின் கெட்டிக்காரத்தனம். ஆகவே அது சமைத்த கறி, அவ்வளவே. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி பெருகும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள். உறைந்த சரக்கென்றால் மைனஸ் 18 டிகிரி. காற்றை உறிஞ்சிக் கட்டிய பாக்கெட் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் உண்டு, அவை பொல்லாதவை.

கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரீசரை அணைக்கும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. இந்தச் சரக்குக்கு அது அறவே கூடாது. கொள்முதலின்போதும் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். மூலையில் பனிக்கட்டி திரண்டிருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் தேதியும் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

ஃப்ரீசர் இல்லாத கடைக்காரர்கள் பார்பிக்யூ சாஸும் மசாலாத்தூளும் மட்டும் வாங்கி வைக்கலாம். சாஸ் பாட்டில் மூடி திறக்காதவரை, அச்சிட்ட தேதிக்குள் அலமாரியிலேயே இருக்கும். திறந்த பின் ஃபிரிட்ஜில் வைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.