ஒரே தாளில் இருவர் கணக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பியதை நானும் பெரியப்பாவும் படித்தோம். மூன்று கிரெடிட் கார்டு, மாப்பிள்ளையின் தனிநபர் கடன், காடித் தவணை, உன் பிடிபிடிஎன் படிப்புக் கடன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "இதில் பாதி அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அதை நான் ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. உன்னைப் போல் இங்கே எத்தனையோ இளம் குடும்பங்கள் இதே கேள்வியில்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நீ கையெழுத்துப் போடாத கடனுக்கு நீ பொறுப்பாளி அல்ல. மனைவி என்ற ஒரே காரணத்துக்காக வங்கி உன்னிடம் பணம் கேட்க முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, இருவர் பெயரிலும் கடன் எடுத்திருந்தாலோதான் அது உன்னைத் தொடும். ஆகவே இனிமேல் எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. அன்புக்காகவும் போடாதே.

ஆனால் சட்டம் சொல்வது வங்கிக்கும் உனக்கும் உள்ள கணக்கு. வீட்டுக்குள் நிலைமை வேறு. அவர் சம்பளத்தில் ஆயிரம் வெள்ளி கார்டுக்குப் போனால், வீட்டு வாடகையில் அவர் பங்கு குறைகிறது. அந்தக் குறையை நீ நிரப்புகிறாய். நிரப்பிவிட்டு உன் கார்டைத் தேய்த்து மளிகை வாங்குகிறாய். கடன் யார் பெயரில் இருந்தாலும் அதைக் கட்டுவது இரண்டு சம்பளமும்தான். இதை ஒப்புக்கொண்டால்தான் இருவரும் சேர்ந்து ஒரு வழியைத் தேட முடியும்.

கார்டுக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள். மலேசியாவில் கார்டு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 15, தவறுகிறவருக்கு 18. குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு. அது 50 வெள்ளிக்குக் கீழே இறங்காது. 10,000 வெள்ளி நிலுவை, 18 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள். முதல் மாதம் 500 வெள்ளி கட்டுகிறாய். அதில் 150 வட்டிக்கே போய்விடும். அடுத்த மாதம் நிலுவை குறைவதால் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது. வங்கி கேட்கும் அந்தக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால், கார்டை ஒருமுறைகூடத் தேய்க்காவிட்டாலும் கடன் தீர ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 4,000 வெள்ளி. அதே 500 வெள்ளியைக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால் 24 மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி 2,000 வெள்ளிக்குள் முடியும். முதல் மாதம் இரண்டு வழியிலும் ஒரே தொகைதான். அதை அப்படியே பிடித்துக்கொள்வதில்தான் ஐந்து ஆண்டு வித்தியாசம் இருக்கிறது.

பிடித்துக்கொள்ள முடியாத வீடுகளும் உண்டு. இதோ உங்களைப் போன்ற ஒரு வீட்டின் கணக்கு. அவர் கைக்கு வருவது 3,200, அவளுக்கு 2,400. மொத்தம் 5,600 வெள்ளி. வாடகை 950, சாப்பாடு 1,050, பெட்ரோலும் டோலும் 450, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, அஸ்ட்ரோ தொலைக்காட்சி 400, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு 500, இரு பக்கப் பெற்றோருக்கும் 300, சில்லறைச் செலவு 100. ஆக 3,750. கடன் பக்கம்: கார்டுகளில் 24,000 வெள்ளி, அதற்குக் குறைந்தபட்சம் 1,200, தனிநபர் கடன் 18,000 வெள்ளி, தவணை 480, காடிக்கு 720, பிடிபிடிஎன் 150. ஆக 2,550. இரண்டையும் கூட்டினால் 6,300. மாதம் 700 வெள்ளி இடிக்கிறது.

இந்த வீட்டில் யாரும் ஊதாரி இல்லை. ஆனாலும் துண்டு விழும் 700 வெள்ளி ஒவ்வொரு மாதமும் கார்டுக்கே திரும்பிப் போகிறது. அவர் "நீ செலவு பண்ணுகிறாய்" என்பார், அவள் "உங்கள் பழைய கடன்" என்பாள். சண்டையில் யார் ஜெயித்தாலும் 700 வெள்ளி குறையப் போவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கடன் நிர்வாகத் திட்டம் இருக்கிறது. 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பைத் தொடங்கியது. ஆலோசனை இலவசம். திட்டத்தில் சேர்வதும் இலவசம். "நான் ஏற்பாடு செய்து தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. நேராக ஏகேபிகே கிளைக்குப் போகலாம், இணையம் வழியாகவும் பதியலாம். சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், செலவுப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்து, வீட்டுச் செலவு போக உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று ஆலோசகர் கணக்குப் போடுவார். பிறகு தவணையைக் குறைக்கவும், காலத்தை நீட்டவும், வட்டியில் சலுகை தரவும் கேட்டு வங்கிகளிடம் பேசுவார்கள். வங்கிகள் ஒப்புக்கொண்டால் பல தவணைகளுக்குப் பதிலாக ஒரு திட்டத்தின்படி மாதாமாதம் கட்டி வரலாம்.

இதில் அசலில் தள்ளுபடி இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கார்டுகளை விட்டுவிட வேண்டும். திட்டம் முடியும்வரை புதுக் கடன் எடுக்கக் கூடாது. வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் அறிக்கையிலும் நீ திட்டத்தில் இருப்பது தெரியும். சிலருக்கு இது மானப் பிரச்சினையாகப் படுகிறது. கடனைக் கட்டத் திட்டம் போடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை, மகளே. கட்ட முடியாமல் ஒளிந்து திரிவதுதான் ஆளை உருக்கும். கடன் 100,000 வெள்ளியைத் தாண்டி நிலுவையில் நின்றால் கடன் கொடுத்தவர் திவால் வழக்குப் போடலாம். அந்த எல்லைக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மேலே சொன்ன வீட்டுக்கே திரும்பு. சாப்பாட்டுச் செலவில் வெளியே சாப்பிடுவதைக் குறைத்து 250 வெள்ளி, அஸ்ட்ரோவையும் கைப்பேசித் திட்டத்தையும் சுருக்கி 130, இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்றில் போய் 70; ஆக 450 மிச்சம். செலவு 3,300-க்கு இறங்குகிறது. மீதி 2,300-இல் காடிக்கும் பிடிபிடிஎன்னுக்கும் 870. அவசரத்துக்கு 100. ஆளுக்கு 75 வெள்ளி கைச்செலவு. மிஞ்சுவது 1,180. கார்டும் தனிநபர் கடனும் சேர்ந்து 42,000 வெள்ளி. பேசி முடித்த வட்டி 10 விழுக்காடு என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்றரை ஆண்டில் தீரும். மூன்றரை ஆண்டு நீளம்தான். ஆனால் அதற்கு ஒரு கடைசி மாதம் இருக்கிறது. முன்பு அது இல்லை.

இந்தக் கணக்கு தாளில் நிற்பது எளிது. வீட்டில் நிற்க வேண்டுமானால் இருவரும் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, மறைக்காமல் சொல்வது. ஆலோசகரிடம் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு உட்காருங்கள். இருவரும் அவரவர் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இசிசிரிஸ் இணையச் சேவையில் காசில்லாமல் கிடைக்கும். கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தவறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் வராத கடனையும் எழுதுங்கள்: நண்பரிடம் கைமாற்று, அண்ணனிடம் வாங்கியது, அடகுக் கடையில் இருக்கும் நகை, வாங்கிவிட்டுப் பிறகு கட்டும் ஆப் கடன். அடகுக் கடை வட்டி மாதம் 2 விழுக்காடு வரை போகும், ஆண்டுக்கு 24. கார்டைவிட அதிகம். அம்மா போட்ட சங்கிலி அங்கே கிடந்தால் அதை மறைக்காதே. திட்டங்கள் பாதியில் உடைவது பெரும்பாலும் சொல்லாமல் விட்ட கடனால்தான். ஏகேபிகேவுக்குக் கட்ட வைத்திருந்த பணம், மனைவிக்குத் தெரியாத கடனுக்குப் போய்விடும்.

ஒருவர் உண்மையைச் சொல்லும்போது மற்றவர் நீதிபதியாக உட்காரக் கூடாது. "எனக்குத் தெரியும், நீங்கள் இப்படித்தான்" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த கடன் வெளியே வராது. அன்றைக்கு வேலை எழுதுவது மட்டும்தான். கோபம் இருந்தால் வேறு நாளில் பேசுங்கள்.

இரண்டாவது, பங்கு. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார். ஆனால் செலவுப் பட்டியல் வீட்டுக்கு ஒன்றுதான், ஆகவே இருவரும் சேர்ந்து போங்கள். பாதிக்குப் பாதி என்பது நியாயம் போலத் தெரியும். சம்பளம் வேறாக இருந்தால் அது நியாயமில்லை. 3,200-க்கும் 2,400-க்கும் விகிதம் நாலுக்கு மூன்று. 1,180 வெள்ளியில் அவர் 674, அவள் 506. அவருடைய பழைய கடனுக்கு உன் பணம் போகிறது என்ற உறுத்தல் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள்: உன் பங்கிலிருந்து எவ்வளவு போனது, கடன் தீர்ந்த பிறகு அவர் அதை உன் பெயரில் எப்படிச் சேமித்துத் தருவார் என்று. வாயால் சொன்னது மூன்றாம் வருஷம் மறந்துபோகும்.

மூன்றாவது, அந்த 75 வெள்ளி. அதை எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. தேநீருக்கும் முடிதிருத்தத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டிய வீட்டில் யாரும் மூன்றரை ஆண்டு தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அதுபோல ஒருவரின் ஏடிஎம் கார்டை மற்றவர் பிடுங்கி வைத்துக்கொள்வதும் திட்டம் அல்ல. சம்பளம் வந்த வாரம் ஒருநாள், அரைமணி நேரம், ஒருவர் கட்டியதைக் காட்டட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும்; அடுத்த மாதம் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். 200 வெள்ளிக்கு மேல் எதை வாங்கினாலும் இருவர் சம்மதமும் வேண்டும்.

நான்காவது, பெற்றோர் பணம். நிறைய வீடுகளில் திட்டம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மேலே போட்ட கணக்கில் 300 வெள்ளியைத் தொடவில்லை, பார்த்தாயா? குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரு பக்கமும் ஒரே அளவில் குறையுங்கள். உன் அம்மாவிடம் நீ சொல், அவருடைய அம்மாவிடம் அவர் சொல்லட்டும். மருமகள் சொன்னதாக மாமியார் காதுக்குப் போகக் கூடாது. தீபாவளிச் செலவு, தைப்பூசக் காவடி, பள்ளி திறக்கும்போது சீருடை, உறவில் கல்யாணமொய் எல்லாம் எந்த மாதம் வரும் என்று முன்பே தெரியும். ஜனவரியிலேயே எழுதி வைத்தால் அக்டோபரில் கை நடுங்காது. போனஸ் வந்தால் எத்தனை பங்கு கடனுக்கு என்பதையும் அது வரும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இனி எச்சரிக்கைகள். ஆ லோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், வாங்கிய கடன் ஏகேபிகே திட்டத்துக்குள் வராது. உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர்கூட, பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம்; பிணை உள்ளதற்கு 12. அதற்கு மேல் கேட்டு, ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறவர் வட்டி முதலை. மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். அந்தக் கடனை அடைக்க இன்னொரு ஆ லோங்கைத் தேடிப் போகாதீர்கள்.

காடித் தவணையை அலட்சியப்படுத்தாதே. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் நோட்டீஸ் கொடுத்துக் காடியை இழுத்துக்கொண்டு போகும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. வேலைக்குப் போகக் காடிதான் வழி என்றால் அதுவே முதலில் கட்ட வேண்டியது.

இபிஎப் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். 2024 மே மாதத்திலிருந்து வரும் நெகிழ்வுக் கணக்கில் சந்தாவில் 10 விழுக்காடு சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மை. மாதம் 700 வெள்ளி துண்டு விழும் ஓட்டையை அடைக்காமல் அதை எடுத்தால், பணமும் போகும், ஒரு வருஷத்தில் கார்டும் மறுபடி நிரம்பும். முதலில் ஓட்டையை அடையுங்கள்.

நடுவில் வேலை போகலாம், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். தவணை தவறிய பிறகு போன் செய்யாதே. தவறும் என்று தெரிந்த அன்றே ஆலோசகரை அழைத்துச் சொல். சொல்லாமல் நிறுத்தினால் திட்டமே ரத்தாகும், வங்கிகள் பழைய கணக்குக்கே திரும்பும். கடனுக்குக் காரணம் சூதாட்டமோ குடியோ என்றால், அதற்குத் தனியாக உதவி தேடாமல் எந்தத் திட்டமும் நிற்காது. அப்படி இருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல். அதற்கு வேறு வழி பார்ப்போம்.

உன் கேள்விக்கு என் பதில் இது: அவருடைய கடனை நீ சுமக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த வீட்டை நடத்த நீ விரும்பினால், அவர் எல்லாவற்றையும் திறந்து சொல்லி, அவர் பங்கை அவர் கட்டினால், நீ தோள் கொடுக்கலாம். கொடுப்பது உன் முடிவாக இருக்கட்டும், யாரும் திணித்ததாக வேண்டாம். அவர் மறைத்துக்கொண்டே இருந்தால், உன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு.

இந்த வாரம் மூன்று காரியம் செய். இருவரும் சிசிரிஸ் அறிக்கை எடுங்கள். மூன்று கார்டையும் பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். ஏகேபிகேவில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். போகும் அன்று குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கில் எங்காவது இடித்தால் தாளை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா