ராடு கொஞ்சம் சாயட்டும்

கேள்வி: ஓரகடத்தில் ஷிஃப்ட் வேலை, வாலாஜாபாத்தில் வீடு. லேப் ஸ்டீல் கிட்டாரை டி மேஜரில் சுருதி கூட்டி, போசா நோவா பழகுகிறேன். எதை வாசித்தாலும் பழைய இந்திப் பாட்டு மாதிரியே கேட்கிறது. ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்காத வாத்தியத்தில் பிரேசில் இசை வராது என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. வான் ஷிப்லி போன்றவர்கள் இந்திப் பாடல்களை வாசித்ததும் இதே ஹவாயன் கிட்டாரில்தான். ஆனால் நண்பர் சொல்வது சரியல்ல. போசா நோவா பிறப்பதற்கு முன்பே பிரேசிலில் கரோட்டோ (1915–1955) ஹவாயன் கிட்டாரும் வாசித்தவர்.

கோளாறு, தந்திகளின் மேல் வைத்து நகர்த்தும் ராடில் இருக்கிறது. ராடு நேராக இருக்கும்போது எல்லாத் தந்திகளும் ஒரே அளவு ஏறும், ஒரே அளவு இறங்கும். ஆகவே டி மேஜரில் கூட்டிய கிட்டாரில் எங்கே வைத்துத் தந்திகளைச் சேர்த்து மீட்டினாலும் மேஜர் கார்டுதான் கிடைக்கும். (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்.)

பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் ‘ஒன் நோட் சாம்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். பி ஃப்ளாட் சுருதியில் வாசித்தால், தொடக்கத்தில் மெலடி எஃப் ஸ்வரத்தை விட்டு நகராது. அடியில் டி மைனர் 7, டி ஃப்ளாட் 7, சி மைனர் 7, பி 7 என்று கார்டுகள் அரை அரை ஸ்வரமாக இறங்கும். அசையாத அந்த எஃப், ஒவ்வொரு கார்டின் மேலும் வேறு நிறம் காட்டும். பாட்டின் அழகே அதுதான். நீங்கள் ராடை நேராக வைத்து டி-யில் தொடங்கினால், உங்கள் எஃப் ஷார்ப்பும் பாட்டின் எஃப்பும் முதல் அடியிலேயே மோதிக்கொள்ளும்.

இதேபோல் இழைத்து வாசிக்கும் நம் கோட்டுவாத்தியத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளோ நாராயண ஐயங்காரோ அடியில் கார்டு மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே ஆதார ஷட்ஜத்தின் மேல் ராகம் வளரும். அதைக் கேட்டு வளர்ந்த நாம் இழைப்பிலும் கமகத்திலும்தான் குறை தேடுவோம். இங்கே அதனால் பயனில்லை.

முதலில் சி6 சுருதிக்கு மாறுங்கள். தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. பழைய தந்திகளையே முறுக்கினால் சில அறுந்துவிடும். சி6-க்கான செட் வாங்குவது நல்லது. பிறகு முழுக் கார்டையும் வாசிக்கும் ஆசையை விடுங்கள். கார்டின் குணத்தைச் சொல்பவை மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள். கார்டின் பெயரைத் தரும் அடி ஸ்வரத்தை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும்.

மெல்லிய தந்தியை ஒன்று என்று எண்ணுங்கள். மூன்றாம், ஐந்தாம் தந்திகளை மட்டும் மீட்டுங்கள். நடுவில் உள்ள நான்காவது ஒலிக்கக் கூடாது. ராடு 8-வது ஃப்ரெட் கோட்டின் மேல் நேராக இருந்தால் சி, எஃப் கிடைக்கும்; அது டி மைனர் 7. மூன்றாம் தந்தியை எட்டிலேயே விட்டு, ஐந்தாம் தந்தியின் பக்கம் மட்டும் ராடை ஏழுக்குச் சாயுங்கள். பி, எஃப் வரும், அது ஜி 7. இனி முழு ராடையும் ஏழில் நேராக்குங்கள், பி, இ. சி மேஜர் 7-இல் வந்து நின்றுவிட்டீர்கள்! போசா நோவாவில் ஓயாமல் வரும் நடை இது. இப்படிச் சாய்ப்பதை ஸ்லான்ட் என்பார்கள். தொடக்கத்தில் அபஸ்வரம் வரும். மெதுவாக வாசித்தால் காது திருத்திவிடும்.

அடுத்தது தாளம். போசா நோவா கிட்டார் கலைஞர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் கட்டைவிரல் தாளத்தை நடத்த, மற்ற விரல்கள் அடிகளுக்கு இடையே விழும். நீங்கள் இழைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால் அந்த இடம் தவறிவிடும். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அடக்குங்கள், ராடைப் புது இடத்தில் வையுங்கள், அதற்குப் பிறகு மீட்டுங்கள். இழைப்பை வரியின் கடைசி ஸ்வரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ராடின் ஒரு முனை உருண்டையாக இருந்தால் சாய்ப்பது எளிது. உங்கள் பக்கத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லையே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து, கீறல் தெரியாமல் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள்.