மகள் ஒன்று, அம்மா ஒன்று: எந்தப் பதில் சரி?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பெருமூளை வாதத்தால் இரண்டு கால்களும் இறுகியிருக்கும். ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு நடக்கிறாள். பிசியோதெரபிக்குப் போகும் மருத்துவமனையில் சில மாதங்களுக்கு ஒருமுறை அவளிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கேள்வித்தாள் தருகிறார்கள். ஓடுவதில் சிரமம் உண்டா என்பதற்கு அவள் ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்திருக்கிறாள். நான் ‘கிட்டத்தட்ட எப்போதும்’ என்று குறித்தேன். நேரில் நடக்கவிட்டுப் பார்த்தாலே தெரியுமே, இது எதற்கு? இரண்டில் எதை நம்புவார்கள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டையும் நம்ப வேண்டும். அவள் குறித்ததைத் தயவுசெய்து திருத்தச் சொல்லாதீர்கள்.

நேரில் பார்ப்பதும் அவசியம்தான். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள், முட்டியை எவ்வளவு நீட்ட முடிகிறது என்றெல்லாம் சிகிச்சை தரும் நாங்கள் அளக்கிறோம். ஆனால் அது சமதளத்தில், நாங்கள் பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்தும்போது அவளால் முடிவது. பள்ளி மாடிப்படியில் என்ன ஆகிறது, சாயங்காலம் கால் எப்படி வலிக்கிறது, விளையாட்டில் யார் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

நீங்கள் சொல்வது ‘பெட்ஸ்க்யூஎல்’ கேள்வித்தாளாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கியது. மொத்தம் 23 கேள்விகள்: உடல் பற்றி 8, மனநிலை, சக பிள்ளைகளோடு பழகுவது, பள்ளி பற்றித் தலா 5. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண் 100-க்கு, கூடினால் நல்லது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுவோம். மூன்று முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். 8 வயது முதல் தாங்களே குறிப்பார்கள்.

குளிப்பது, நடப்பது போலக் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெற்றோர் பதிலும் பிள்ளை பதிலும் பெரும்பாலும் நெருங்கி வரும். வலி, பயம், தனிமை என்று வரும்போதுதான் அதிகம் விலகும். நாள்பட்ட நோயுள்ள பிள்ளையின் நிலையை, அந்தப் பிள்ளை சொல்வதைவிட மோசமாகப் பெற்றோர் மதிப்பிடுவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உங்கள் மகளின் ஓட்டத்தை நீங்கள் தெருப் பிள்ளைகளோடு ஒப்பிட்டிருப்பீர்கள். அவள் போன வருடத்து ஓட்டத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். அப்படியானால் இரண்டும் உண்மை. வேறு காரணமும் இருக்கலாம்: ஊசி, மாவுக்கட்டு, ஆபரேஷன் என்று பேச்சு வருமோ என அஞ்சிச் சிரமத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. எது என்பதை அவளிடம் பேசித்தான் அறிய முடியும். உங்கள் பதில்கள் விலகிய இடமே அந்தப் பேச்சைத் தொடங்கவேண்டிய இடம்.

நீங்கள் மூன்று விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். அவள் குறிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்க்காதீர்கள். இது பரீட்சை அல்ல, தப்பான பதிலே கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். முறைப்படி தயாரித்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வாய்மொழியாக மொழிபெயர்த்தால் போன மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது. மதிப்பெண் இரண்டு மூன்று கூடினாலும் குறைந்தாலும் பதற வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பாகவே வரும்.

எங்கள் தரப்புக்கும் ஒரு கடமை உண்டு. நடை நன்றாகியும் ‘சோர்வாக இருக்கிறது’ என்று அவள் குறித்தால், வீட்டுப் பயிற்சியைக் குறைக்க வேண்டும். தொலைதூரத்துக்குச் சக்கர நாற்காலி உதவுமா என்று யோசிக்க வேண்டும். சிகிச்சையில் எதையும் மாற்றாமல் தாளைக் கோப்பில் சேர்த்துவிடுவது பதில் சொன்ன பிள்ளைக்கு நாங்கள் செய்யும் அநியாயம். ஆகவே அடுத்த முறை போகும்போது, ‘இவள் சொன்னதை வைத்து எதை மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். அவள் எதிரிலேயே கேளுங்கள். தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த பிள்ளை அடுத்த தாளில் இன்னும் மனம்விட்டுச் சொல்லும்.