ஊர் திரும்பும் முன் மூன்று மாதம்

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் நெல்லைக்கே திரும்புகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அட்வான்ஸ். அங்கே பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தவர்கள் உண்டு. காலி செய்யும் தேதியை எழுத்தில் சொல்லிவிட்டு, பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று இப்போதே கேட்டுவிடட்டும். லாரியில் சாமான் ஏறிய பிறகு பேரம் பேசுவது பெரிய வேதனை.

கே.ஏ. பதிவெண் பைக் இருந்தால் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு அவசியம்.

மிச்ச நாளெல்லாம் அவர்களுக்கே. லால்பாக் பாறைமேல் ஒரு விடியற்காலை, காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில் மசால் தோசை. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவிடம் பிஸிபேளே பாத் பக்குவத்தையும் மருமகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.