விளையாட்டைச் சோதிக்கும் வினை

விளையாட்டு வினையாகும் என்பது முன்னோர் எச்சரிக்கை. அவர்கள் கருதிய வினை தீங்கு. அச்சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டு. கணினியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் ஆடப்படும் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் இன்று பல்லாயிரவர்க்குச் சோறிடும் தொழிலாகிவிட்டமையால், பழமொழி அப்பொருளிலும் மெய்யாகிவிட்டது.

அரநாயக்கப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் நாம் இதனை மாணவர் ஒருவர் வாயிலாகவே முதலில் அறிந்தோம். தாயார் றப்பர்ப் பால் வெட்டிப் படிப்பித்த பிள்ளை அவர். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் நம்மிடம் வந்து, “ஐயா, விளையாட்டிலே பிழை பிடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். போகலாமா?” என்று வினவினார். விடை கூற அறியாது நின்றோம். தவறான அறிவுரையால் அக்குடும்பம் இழக்கக்கூடியது சிறிதன்று. ஆதலின், அவரைச் சில நாள் பொறுக்கச் சொல்லி நாம் தேடிக் கற்றவற்றை, நம் கல்லூரியின் விழா மலரில் ஈண்டு எழுதுகின்றோம்.

1. சோதனை என்பது யாது?

விளையாடுதல் வேறு, சோதித்தல் வேறு. விளையாடுபவர் வெல்ல முயல்வார். சோதகரோ ஆட்டத்தை உடைக்க முயல்வார். ஒரே பந்தை நூறு முறை எறிந்து, நூறு முறையும் விதிப்படி நிகழ்கின்றதா என நோக்குவார். பிழை கண்டால் அறிக்கை எழுதுவார். எக்கருவியில், எப்பதிப்பில், எவ்வெவ்வொழுங்கில் யாது செய்தோம், யாது நிகழ்ந்திருத்தல் வேண்டும், உண்மையில் யாது நிகழ்ந்தது, பத்து முறை செய்யின் எத்தனை முறை அது தோன்றுகின்றது என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். “ஆட்டம் சரியில்லை” என்று எழுதுபவர்க்கு அங்கே இடமில்லை. ஒரு பிழை திருத்தப்பட்டபின், அத்திருத்தம் வேறோரிடத்தைக் கெடுத்ததோ என மீளவும் சோதித்தல் இவ்வேலையின் பெரும்பகுதியாகும்.

சோதனை தவறின் விளைவு யாதென்பதற்கு 2013ஆம் ஆண்டு சான்று. ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ என்னும் ஆட்டம் அவ்வாண்டு நவம்பரில் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. குறைகள் மலிந்திருந்தமையால் சில நாளிலேயே மீளப்பெறப்பட்டது. வாங்கியோர்க்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

2. அரிய நிகழ்ச்சிகள்

துடுப்பாட்டம் விதிகள் நிறைந்த ஆட்டம். நாள்தோறும் நிகழ்வனவற்றை எவரும் சோதிப்பர். என்றோ ஒருநாள் நிகழ்வதை எண்ணிப் பார்ப்பவரே நல்ல சோதகர்.

2003 மார்ச் 3ஆம் நாள் டர்பன் நகரில் இலங்கையும் தென்னாபிரிக்காவும் உலகக் கிண்ணத்திற்காக மோதின. மழை வரும் அறிகுறி தோன்றியது. 45ஆம் ஓவரின் இறுதிப் பந்தை முரளிதரன் வீச, மார்க் பவுச்சர் ஓட்டம் எடுக்காது தட்டி நின்றார். கைவசமிருந்த டக்வர்த் லூயிஸ் கணக்கின்படி 229 ஓட்டம் வெற்றிக்குப் போதும் என அவரணி கருதியது. உண்மையில் 229 சமநிலைக்குரிய எண். வெற்றிக்கு 230 வேண்டும். ஆட்டம் சமநிலையில் முடிய, தென்னாபிரிக்கா போட்டியினின்று வெளியேறியது. மனிதர் தடுமாறிய அவ்வோர் ஓட்டத்தில் கணினி நிரலும் தடுமாறலாம். ஆதலின் எல்லை எண்ணையும், அதற்கு ஒன்று குறைந்ததையும், ஒன்று கூடியதையும் தனித்தனியே சோதித்தல் சோதகர் கடன்.

2023 நவம்பர் 6ஆம் நாள் டில்லியில், தலைக்கவசத்தின் வார் அறுந்தமையால் தாமதித்த ஏஞ்சலோ மத்தியூஸ், பங்களாதேஷ் அணி முறையிட, பந்தொன்றையும் எதிர்கொள்ளாமலே ஆட்டமிழந்தார். சர்வதேச ஆட்டத்தில் காலந்தாழ்த்தியமைக்காக ஒருவர் ஆட்டமிழந்தது அதுவே முதன்முறை. ஏட்டில் நெடுங்காலம் உறங்கிய விதி அன்று விழித்துக்கொண்டது. கணினி ஆட்டத்தில் அவ்விதி உண்டா, இல்லையேல் ஏன் இல்லை என வினவுதலும் சோதனையின் பாற்பட்டதே.

3. பெயரும் எழுத்தும்

தமிழ் ஆசிரியராகிய நம்மைக் கவர்ந்த பகுதி இது. வீரர் விபரங்களைப் பதியும் பட்டியலில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் உண்டு. மேலைநாட்டார்க்கு அது பொருந்தும். ரவிச்சந்திரன் அஸ்வின் என்பதில் ரவிச்சந்திரன் தந்தையார் பெயர். முத்தையா முரளிதரன் என்பதில் முத்தையாவும் அத்தகையதே. இதனை அறியாதவர் பதிந்தால், மகன் எடுத்த விக்கெட்டுக்குத் தந்தையின் பெயர் திரையில் தோன்றக்கூடும்.

எழுத்திலும் இடர் உண்டு. கணினியின் சேமிப்பில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னும் பதியப்படும். திரையிலோ ‘கெ’ என்பதன் கொம்பு முன்னே நிற்றல் வேண்டும். ‘கொ’ எனின் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்றல் வேண்டும். இதனை உணராத மென்பொருள் கொம்பைப் பின்னே தள்ளிவிடும். ‘பந்துவீச்சாளர்’ போன்ற நெடுஞ்சொற்கள், ஆங்கிலச் சொல்லுக்கென வகுத்த சிறு கட்டத்துள் அடங்காது அறுபடும். இவற்றை ஒரு நோக்கிலே கண்டுபிடிக்கத் தமிழ் கற்றவரே வேண்டும்.

4. நாள்தோறும் புதுக்கல்

முன்னாளில் ஆட்டம் ஒருமுறை விற்கப்பட்டதும் வேலை முடிந்தது. இன்று அவ்வாறன்று. இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2009இல் தன் உதைபந்தாட்ட விளையாட்டில் ‘அல்டிமேட் டீம்’ என்னும் பகுதியைச் சேர்த்தது. மெய்யான ஆட்டங்களில் சிறந்து விளங்கியோர் வாரந்தோறும் அங்கே புதிய அட்டைகளாகத் தோன்றுவர். அவ்வீரரின் எண்கள், படம், அணி, வெளியிடும் நேரம் யாவும் முன்கூட்டிச் சரிபார்க்கப்படல் வேண்டும். அந்நிறுவனத்துக்கு ஐதராபாத்திலும் பணிமனை உண்டு. சென்னையில் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ ஆட்டங்களை உருவாக்குகின்றது. அவ்வரிசையின் மூன்றாவது 2020இல் வெளிவந்தது.

விதி மாறினும் ஆட்டம் மாறல் வேண்டும். 2019 ஜூலை 14இல் லோர்ட்ஸ் மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டமும், அதன் மேலதிக ஓவரும் சமநிலையாக, எல்லை கடந்த அடிகளின் எண்ணிக்கையால் இங்கிலாந்து வென்றது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவ்விதி கைவிடப்பட்டது. நாட்காட்டியும் பிழைக்கு வாயிலாகும். ‘டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2கே20’ என்னும் மல்யுத்த ஆட்டம் 2020 ஜனவரி முதல் நாள் பிறந்ததும் இயங்க மறுத்தது. கருவியின் திகதியைப் பழைய ஆண்டுக்குத் திருப்பினால் இயங்கியது!

5. ஊதியமும் உரிமையும்

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சோதகர் பலர் ஒப்பந்த ஊழியரே. 2023 பெப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் பாட்டன் ரூஜ் நகரில், போர் விளையாட்டொன்றைச் சோதித்துவந்த 200க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அதற்கு முன்னர், 2022 மே மாதத்தில், ரேவன் என்னும் நிறுவனத்தின் சோதகர் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். சங்கத்தின் அருமை தோட்டமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதன்று.

மற்றொன்று, ஆட்டத்தினுள் விற்கப்படும் பொதிகள். உள்ளிருப்பது யாதென அறியாது பணம் கொடுத்துத் திறக்கும் இப்பொதிகளைச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என 2018இல் பெல்ஜியம் கண்டது. 2019 ஜனவரி இறுதியுடன் மேற்கூறிய உதைபந்தாட்ட விளையாட்டில் பொதிக்கான புள்ளி விற்பனை அந்நாட்டில் நின்றது. பொதி சரியாகத் திறக்கின்றதா எனப் பார்க்கும் சோதகர், அதைத் திறப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

இவற்றைக் கற்றபின் நம் மாணவர்க்குக் கூறியது இதுவே: “போகலாம். ஆயின் ஒப்பந்தம் எத்தனை மாதம், மேலதிக நேரத்துக்கு ஊதியம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள். அறிக்கை எழுத ஆங்கிலம் வேண்டும், அதைப் படி. நிரல் எழுதவும் தொடங்கு. ஒப்பந்தம் முடியும் நாளில் கை வெறுமையாய் இராது.” அவர் தலையசைத்துச் சென்றார்.

அத்துறையில் முன்னே சென்றுள்ள பழைய மாணவர் நம்மிடையே இருப்பின், இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கி வழிகாட்டுமாறு வேண்டுகின்றோம். விழாக் காணும் கல்லூரித் தாய்க்கு அதுவும் ஒரு காணிக்கையாகும்.