தண்ணீர்ப்பந்தல்

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில் அமைந்த ஊர் விளாங்குடி. அதற்கும் அப்பால் உள்ள தேனூரில்தான் முற்காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கினார் என்பர். திருமலை நாயக்கர் (1623–1659) அவ்விழாவை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருக்கல்யாணத்தையொட்டி நிகழச் செய்தார். சைவரும் வைணவரும் ஓர் ஆற்றில் கூடினர். விழாவை இழந்த தேனூருக்கோ, வண்டியூரில் ஒரு மண்டபத்தின் பெயரே எஞ்சியது. அதே வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்குவதாகவும் மக்கள் நம்புகின்றனர்.

விழா நாளில் கருப்பணசாமி வேடமிட்டோர், தோல்பையிலிருந்து நீரைப் பீய்ச்சியவாறு ஆடி வருவர். சித்திரை வெயிலில் அவ்வாட்டம் எளிதன்று! வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள். பானகமும் நீர்மோரும் வழங்குவோருள் வீட்டில் தமிழ் பேசுவோரும் உளர். சௌராட்டிரமும் தெலுங்கும் பேசுவோரும் உளர். குவளையை நீட்டுபவரிடம் எவரும் சாதி கேட்பதில்லை. ஆடிக் களைத்தவர் மீண்டும் நீட்டினாலும் குவளை நிறைகிறது.